ஒத்திகையோடு நின்றுபோன நாடகம்

சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் என்ற பழைய அமெரிக்க டிவி கார்ட்டூனைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த நோஞ்சான் மரத்தைப் பற்றி எழுதுவார்கள், இல்லாவிட்டால் பியானோவைப் பற்றி, கொஞ்சம் பக்தியானவர்களாக இருந்தால் லைனஸ் என்ற பையன் மேடையில் தனியாக நின்று பைபிள் வசனம் சொல்லும் இடத்தைப் பற்றி. எனக்கு அதில் பிடித்தது வேறு. அந்தக் கார்ட்டூனின் கதையே ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுதான், ஆனால் கடைசிவரை நாடகம் நடக்காது. ஒத்திகை கலைந்துவிடும், எல்லாரும் வெளியே போய்விடுவார்கள், பனியில் நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள், படம் முடிந்துவிடும். எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டியபோது மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒருவன்தான் கேட்டான்: "அக்கா, அப்ப நாடகம் எப்பக்கா?" ரொம்ப நியாயமான கேள்வி. இந்தப் படத்தைக் கொண்டாடி எழுதின பெரியவர்கள் யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் வந்தும் சார்லி பிரவுனுக்கு மனசில் சந்தோஷமே இல்லை. லூசி என்ற பெண் தெருவோரம் ஒரு பெட்டிக்கடை மாதிரி போட்டு ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு மனநல ஆலோசனை சொல்லுவாள், அவளிடம் போகிறான். உனக்கு ஏதாவது ஈடுபாடு வேண்டும், எங்கள் கிறிஸ்துமஸ் நாடகத்தை நீ இயக்கு என்கிறாள். இவன் போனால் ஒருத்தரும் இவன் பேச்சைக் கேட்பதில்லை, ஷ்ரோடர் என்ற பையன் பியானோ வாசிக்க எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சரி, மேடைக்கு ஒரு மரம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, பளபளக்கிற அலுமினிய மரங்களுக்கு நடுவே இருந்த ஒரே ஒரு நிஜ மரத்தை, இலை உதிர்ந்த குச்சியை, தூக்கி வருகிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று இங்கே யாருக்காவது தெரியுமா என்று அவன் கத்த, லைனஸ் பைபிளில் லூக்கா இரண்டாம் அதிகாரத்திலிருந்து சொல்கிறான். அப்புறம் சார்லி பிரவுன் அந்த மரத்தில் ஒரு சிவப்பு உருண்டையை மாட்ட அது வளைந்துவிடுகிறது, அவனுடைய நாய் ஸ்நூபியின் வீட்டில் தொங்கின அலங்காரத்தை எடுத்து மற்றவர்கள் மரத்தை ஜோடிக்கிறார்கள், பாட்டு. அவ்வளவுதான். எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிஷம்.

நான் கொடைக்கானல்காரி. எங்கள் ஊர் சபையில் சண்டே ஸ்கூல் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிற வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது, அதனால்தான் அந்த ஒத்திகைக் காட்சி எனக்கு இவ்வளவு உறைக்கிறது. டிசம்பரில் இங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஏரிப்பக்கமிருந்து மூட்டம் ஏறி வரும், ஹாலில் நாற்காலியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். காலையில் ஜிம்கானா, கீழ்பூமி பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி கிடக்கும், அதைப் படம் பிடிக்க டூரிஸ்ட் வண்டிகள் வரிசையாக நிற்கும். நாங்கள் ஸ்வெட்டரும் குல்லாவுமாக யோசேப்பைத் தேடிக்கொண்டிருப்போம், அவன் டியூஷனுக்குப் போயிருப்பான். காபிரியேல் வேஷம் போடுகிற பெண் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். கழற்றச் சொல்லவும் மனசு வராது. ஆகவே எங்கள் சபையில் தேவதூதர் எல்லாரும் வெள்ளை அங்கிக்குள்ளே மெரூன் ஸ்வெட்டர் போட்டவர்கள், ஜிகினா ஒட்டின இறக்கை ஸ்வெட்டரின் உப்பலில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கும். மேய்ப்பர்கள் மட்டும்தான் நிம்மதி, அவர்களுக்கு வேஷமே சால்வையும் தலையில் துண்டும்தான்.

மேய்ப்பர் வேஷம் என்றதும் ஷெர்மியைச் சொல்ல வேண்டும். அந்தக் கார்ட்டூனில் ஷெர்மிக்கு இருப்பதே ஒரு பேச்சுதான்: ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு மேய்ப்பன் வேஷம்தான் கொடுக்கிறார்கள் என்று சலித்துக்கொள்வான். சண்டே ஸ்கூலில் வளர்ந்த எவருக்கும் அந்த ஷெர்மியைத் தெரியும். மரியாள், யோசேப்பு, ஏரோது, சாஸ்திரிகள் எல்லாம் பங்கு போட்டது போக மிச்சம் இருக்கிறவர்கள் எல்லாம் மேய்ப்பர்கள். ஃப்ரீடாவுக்கு எந்நேரமும் தன் சுருட்டை முடியைப் பற்றித்தான் கவலை. அவளைச் சத்திரக்காரன் மனைவியாக்கி, நடந்தாலே புழுதி கிளப்புகிற பிக்பென்னைச் சத்திரக்காரனாகப் போட்டிருப்பார்கள். ஆடுமாடு எல்லாத்துக்கும் ஸ்நூபி ஒரே ஆள். லைனஸ் தன் கம்பளியை விடமாட்டேன் என்று அடம்பிடிப்பான், லூசி திட்டுவாள், அவன் சட்டென்று அதையே தலையில் சுற்றி மேய்ப்பனாகிவிடுவான். இவ்வளவு சீக்கிரம் இதையெல்லாம் எப்படி மனப்பாடம் பண்ணுவது என்று அவன் சிணுங்க, ஐந்து நல்ல காரணம் சொல்கிறேன் என்று லூசி ஒவ்வொரு விரலாக மடக்கிக் கடைசியில் முஷ்டியைக் காட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு எழுத்து பிசகாமல் அத்தனை வசனத்தையும் சொல்லப்போகிறவன் இவன்தான்.

இதை எழுதினவருக்கு ஒத்திகை அனுபவம் இல்லாமல் இருந்திருக்காது. சார்ல்ஸ் ஷுல்ஸ் கலிஃபோர்னியாவில் மெதடிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளி வகுப்பு எடுத்தவர். சார்லி பிரவுன் வருகிற, 1950 அக்டோபரில் ஆரம்பித்த பீனட்ஸ் படக்கதையைக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் தன் கையாலேயே வரைந்தார். 2000 பிப்ரவரி 12ஆம் தேதி ராத்திரி அவர் இறந்தார், மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அவருடைய கடைசிப் படக்கதை வந்தது. இதைக் கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

கார்ட்டூன் உருவான கதையும் ஏறக்குறைய ஒரு சண்டே ஸ்கூல் நாடகம் தயாரான கதைதான். லீ மெண்டல்சன் சான் பிரான்சிஸ்கோ பக்கம் டாக்குமெண்டரி எடுத்துக்கொண்டிருந்தவர். பேஸ்பால் வீரர் வில்லி மேஸைப் பற்றி ஒன்று எடுத்தார், நன்றாகப் போனது. உலகத்திலேயே நன்றாக ஆடுகிறவனைப் பற்றி எடுத்தாயிற்று, அடுத்து உலகத்திலேயே மோசமாக ஆடுகிறவனைப் பற்றி எடுப்போம் என்று சார்லி பிரவுனுக்கு வந்தார். ஷுல்ஸைப் பற்றி எடுத்த அந்த டாக்குமெண்டரியை வாங்க ஆளில்லை. அதைப் பார்த்திருந்த ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர் 1965இல் போன் பண்ணினார்: கோகோ கோலா ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி தேடுகிறது, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? மெண்டல்சன், ஓ இருக்கிறதே, என்றார். ஒன்றும் இல்லை. போனை வைத்துவிட்டு ஷுல்ஸைக் கூப்பிட்டு, சார்லி பிரவுன் கிறிஸ்துமஸை விற்றுவிட்டேன் என்றார். அது என்ன என்று இவர் கேட்க, நாளைக்கு நீங்கள் எழுதப்போவது என்று பதில் வந்ததாம். கதைச் சுருக்கம் ஒரே நாளில் எழுதி அனுப்பினார்கள், கையில் இருந்தது ஆறு மாசம். அரை மணி நேர அனிமேஷனுக்கு ஆறு மாசம் என்பது, அதுவும் ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்த காலத்தில், கழுத்துக்குக் கத்தி.

வரைந்து நடக்கவைத்தவர் பில் மெலெண்டஸ், மெக்சிகோவில் பிறந்தவர், டிஸ்னியிலும் வார்னர் பிரதர்ஸிலும் வேலை பார்த்தவர். ஷுல்ஸின் பிள்ளைகளைப் பேப்பரில் பார்த்தால் வரைவது சுலபம் மாதிரி தெரியும். நகர்த்திப் பார்த்தால்தான் சிக்கல்: தலை பூசணிக்காய் சைஸில் இருக்கிறது, கை அந்தத் தலை உச்சிவரைக்கும் எட்டாது. அந்தத் தலையைப் பக்கவாட்டில் திருப்ப ஒழுங்கான வழியே இல்லை. அதனால்தான் அந்தக் கார்ட்டூனில் யாரும் ரொம்ப அசையமாட்டார்கள், நிற்பார்கள், பேசுவார்கள், சட்டென்று வேறு பக்கம் பார்ப்பார்கள். நடனக் காட்சியில் இரட்டைச் சகோதரிகள் தலையை இடதும் வலதுமாகத் தொங்கப்போட்டு ஆடுவதையும், ஒரு பையன் தோளை உயர்த்திக்கொண்டு கையை நீட்டியபடி நடப்பதையும் பாருங்கள், இரண்டு மூன்று அசைவுதான், அதையே திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பார்கள். இன்றைக்கும் போனில் சுற்றுகிற ஜிஃப் எல்லாம் அந்த இரண்டு மூன்று அசைவுதான். ஸ்நூபியின் குரலும் மெலெண்டஸ்தான், அர்த்தமில்லாமல் எதையோ உளறி, டேப்பை வேகமாக ஓட்டி எடுத்தது.

குரலுக்கு நிஜக் குழந்தைகள்தான் வேண்டும் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம், பெரியவர்கள் குழந்தைக் குரலில் பேசுவதுதான் வழக்கமாக இருந்தது. சார்லி பிரவுனுக்குப் பேசின பீட்டர் ராபின்ஸும் லைனஸுக்குப் பேசின கிறிஸ்டோபர் ஷேயும் சின்னப் பையன்கள். தங்கை சாலிக்குப் பேசின பாப்பாவுக்கு அப்போது வாசிக்கவே தெரியாது, அதனால் ஒவ்வொரு வரியையும் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்து, அவள் திருப்பிச் சொன்னதைப் பதிவு பண்ணி, பிற்பாடு ஒட்டியிருக்கிறார்கள். சாண்டாவுக்குக் கடிதம் எழுதும்போது, சிரமமாக இருந்தால் பணமாகவே அனுப்புங்கள், பத்தும் இருபதுமாக, என்று சாலி சொல்கிற இடத்தில் அந்தக் குரல் இழுத்து இழுத்து நின்று நின்று வருகிறது. அதுதான் அழகே. எங்கள் சபையில் நர்சரிப் பிள்ளைகளுக்கு நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம், இதோ, இதோ, நான் உனக்கு, நான் உனக்கு, என்று. ஒட்டுகிற வசதிதான் எங்களுக்கு இல்லை.

இசைக்கு வருகிறேன், இதில்தான் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெண்டல்சன் ஒருநாள் டாக்சியில் கோல்டன் கேட் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது ரேடியோவில் ஒரு ஜாஸ் பியானோவைக் கேட்டு அசந்துபோய், வாசித்தவரைத் தேடிப் பிடித்தார். வின்ஸ் குவரால்டி. இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த அந்தத் துள்ளல் பியானோ மெட்டு, லைனஸ் அண்ட் லூசி, வாங்க ஆளில்லாமல் கிடந்த டாக்குமெண்டரிக்காகப் போட்டது. குழந்தைகள் கார்ட்டூனுக்கு ஜாஸ் என்பது அப்போது கேள்விப்படாத விஷயம். தொடக்கத்தில் உறைந்த குளத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும்போது ஓடுகிற மெட்டுக்கு முதலில் வார்த்தையே கிடையாது. பாட்டாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, எழுதித்தர ஆள் கிடைக்கவில்லை, மெண்டல்சனே ஒரு கவரின் பின்பக்கத்தில் கால் மணி நேரத்தில் எழுதிவிட்டார். பாடினது சான் ரஃபேல் என்ற ஊரின் சர்ச் கொயர் பிள்ளைகள். பாட்டு வரி என்னவோ கிறிஸ்துமஸ் வந்தாச்சு, சந்தோஷம் என்றுதான் போகிறது, கேட்டால் தொண்டை அடைக்கிறது. சுருதி கொஞ்சம் இறங்கித்தான் பாடுகிறார்கள், அதைத் திருத்தாமல் விட்டார்கள் பாருங்கள், அதற்கு ஒரு கும்பிடு. எங்கள் கொயர் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். "அதுக்காக நம்ம பிள்ளைகளையும் அப்படியே விட்டுற முடியுமாம்மா?" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு.

வேறு எந்தக் காமெடியானாலும் பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்துவிடுவது அன்றைய வழக்கம், கார்ட்டூனுக்கும்கூட. மெண்டல்சனும் அதைச் சேர்க்கலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். அந்தப் பேச்சு வந்ததும் ஷுல்ஸ் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அறையை விட்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து அந்தப் பேச்சே நடக்காதது மாதிரி வேறு விஷயம் பேச ஆரம்பித்தார். சிரிப்பு சேர்க்கப்படவில்லை. சண்டை போடாமல் ஜெயிக்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை, எங்கள் கமிட்டி மீட்டிங்கில் முயற்சி பண்ணிப் பார்க்க வேண்டும்.

லைனஸ் பேசும் இடத்துக்கும் எதிர்ப்பு இருந்தது. கார்ட்டூனில் பைபிளா, அபாயம் என்று மெலெண்டஸ் தயங்கினார். நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள் என்று ஷுல்ஸ் கேட்டதாகச் சொல்வார்கள். லைனஸ் மேடை நடுவுக்கு வந்து, விளக்கு போடுங்கள் என்கிறான், ஒரே ஒரு வட்ட வெளிச்சம், பியானோ நின்றுவிடுகிறது. மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி இராத்திரியிலே தங்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று ஆரம்பிக்கிற அந்தப் பகுதியை எங்கள் ஊரில் ஏதாவது ஒரு குழந்தை வருஷா வருஷம் மைக் முன்னால் நின்று ஒப்பிக்கும். பாதியில் தடுமாறும், முன்வரிசையில் அம்மா உதட்டை அசைத்து எடுத்துக்கொடுப்பாள். லைனஸ் தடுமாறுவதில்லை. ஆனால் பயப்படாதிருங்கள் என்ற வார்த்தைக்கு வரும்போது, எந்நேரமும் கையில் பிடித்திருக்கிற கம்பளியைக் கீழே போட்டுவிடுகிறான். யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை, கேமரா அருகே போவதில்லை, அவன் பாட்டுக்குச் சொல்லி முடித்து, குனிந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். கவனித்தவன் கவனிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். இந்தக் காலத்துப் படமாக இருந்தால் கம்பளி ஸ்லோ மோஷனில் விழும், வயலின் வேறு.

இந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஊட்டியை வெள்ளைக்காரன் கட்டினான் என்றால், கொடைக்கானலில் முதலில் வந்து வீடு கட்டினவர்கள் அமெரிக்கர்கள். மதுரை மிஷனில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் கீழே காய்ச்சல் தாங்காமல் 1845இல் மேலே வந்து இரண்டு வீடு கட்டினார்கள், அதுதான் தொடக்கம். அப்புறம் 1901இல் மிஷனரி பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்கள் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள், கம்பளி, கேக் டின், பழைய பத்திரிகை, என்னென்னவோ கிடைக்கும். அப்படித்தான் அப்பா ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட் வாங்கி வந்தார். மதுரையும் திருநெல்வேலியும் எங்கள் மலை டவரிலிருந்து தூர்தர்ஷன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

அமெரிக்கக் கேசட் என்.டி.எஸ்.சி. முறையில் பதிவானது, எங்கள் வீட்டு டிவி பேல் முறை, இரண்டும் ஒத்துப்போகாது. போட்டால் கலர் வராது, படம் கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருக்கும். பின்னால் ஒரு திருகாணி இருக்கும், அதை அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் பிடித்துக்கொண்டே நின்றால் கொஞ்சம் நிற்கும். அப்படி, அண்ணன் டிவிக்குப் பின்னால் நின்று "இப்ப பரவாயில்லையா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருக்க, கறுப்பு வெள்ளையில்தான் சார்லி பிரவுனை முதலில் பார்த்தேன். அந்த உருண்டை சிவப்பு என்பது ரொம்ப வருஷத்துக்கு எனக்குத் தெரியாது. இங்கிலீஷும் பாதிதான் புரிந்தது. புரிந்தது ஒன்றே ஒன்று, டைரக்டர் பேச்சை ஒருத்தரும் கேட்கவில்லை என்பது.

வியாபாரக் கிறிஸ்துமஸைத் திட்டுகிற படத்துக்குக் காசு போட்டது கோகோ கோலா. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. முதல் ஒளிபரப்பில் பனியில் சுழன்று போகிற லைனஸ் நேராக ஒரு கோகோ கோலா போர்டில் போய் மோதுவான், கடைசியில் உங்கள் ஊர் கோகோ கோலா பாட்டிலர் சார்பாக வாழ்த்து என்று எழுத்து வரும். பிற்பாடு அதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். எனக்கு இதில் பெரிய முரண்பாடு தெரியவில்லை. நம்மூரில் கோயிலோ சர்ச்சோ, டியூப்லைட்டில் உபயம் என்று பேர் எழுதி வெளிச்சத்தையே மறைத்துத் தொங்கவிடுவார்களே, அந்த டியூப்லைட்டின் கீழே உட்கார்ந்துதானே நாம் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். காசு கொடுத்தவர்கள் கதையில் கை வைக்கவில்லை, அது போதும்.

படம் தயாரானதும் பார்த்த சி.பி.எஸ். டிவி அதிகாரிகளுக்குப் பிடிக்கவே இல்லை. மெதுவாகப் போகிறது, இசை பொருந்தவில்லை என்றார்கள். அட்டவணையில் போட்டாகிவிட்டது, ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடுவோம் என்பதுதான் முடிவு. மெண்டல்சனும் மெலெண்டஸுமே சார்லி பிரவுனை நாசம் பண்ணிவிட்டோம் என்றுதான் நினைத்தார்கள். அனிமேஷன் ஆட்களில் ஒருவர் மட்டும், இது நூறு வருஷம் ஓடும் என்றாராம். 1965 டிசம்பர் 9, வியாழக்கிழமை ராத்திரி, ஒன்றரைக் கோடி வீடுகளில் ஓடியது, அந்த நேரத்தில் டிவி போட்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். எம்மி விருது வந்தது, பீபடி விருது வந்தது. எம்மி மேடையில் ஷுல்ஸ், சார்லி பிரவுனுக்கு ஜெயித்துப் பழக்கமில்லை என்று சொல்லி நன்றி சொன்னார். அதற்கப்புறம் வருஷா வருஷம், 2000 வரை சி.பி.எஸ்., 2001இலிருந்து 2019 வரை ஏ.பி.சி. டிவி. 2020இல் ஆப்பிள் கம்பெனி வாங்கித் தன் சந்தா சேவைக்குள்ளே வைத்துக்கொண்டதும் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், பி.பி.எஸ். என்ற பொது டிவியில் இலவசமாகக் காட்ட வேண்டியதாயிற்று. குவரால்டி இதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை, 1976இல் நாற்பத்தேழு வயசில் போய்விட்டார். மெண்டல்சன் இறந்தது 2019 டிசம்பர் 25.

அலுமினிய மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விஸ்கான்சினில் மேனிட்டோவாக் என்ற ஊரில் ஒரு கம்பெனி ஐம்பதுகளின் கடைசியில் இருந்து அவற்றைச் செய்து குவித்தது. ஷாக் அடிக்கும் என்பதால் அதில் சீரியல் லைட் சுற்ற முடியாது, எதிரே ஒரு கலர் சக்கரத்தைச் சுழலவிட்டு வெளிச்சம் அடிப்பார்கள். இந்தக் கார்ட்டூன் வந்து இரண்டு மூன்று வருஷத்தில் அந்த மோகமே அடங்கிவிட்டது, சார்லி பிரவுன்தான் கொன்றான் என்பார்கள். எனக்கு முழுசாக நம்பிக்கை இல்லை, எந்த ஃபேஷனும் கார்ட்டூன் வராவிட்டாலும் ஒருநாள் செத்துத்தான் போகும். இங்கே எல்லாம் தலைகீழாக நடந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எல்லார் வீட்டிலும் சைப்ரஸ் கிளைதான், காற்றில் ஒடிந்து விழுந்ததை எடுத்து வந்து எண்ணெய் டின்னில் ஜல்லி போட்டு நட்டு, டின்னைச் சுற்றி கலர் பேப்பர் ஒட்டி, பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவுவோம். இரண்டாம் நாளே நுனி தொங்கிவிடும், ஒரு பலூன் கட்டினால் ஒரு பக்கம் சாயும், முழு வீடும் அந்தப் பச்சை வாசனை அடிக்கும். இப்போது மதுரையிலிருந்து மடக்கி விரிக்கிற பிளாஸ்டிக் மரம் பஸ்ஸில் ஏறி மலைக்கு வருகிறது. மரம் மலையை விட்டு இறங்கின காலம் போய், மலைக்கு மரம் ஏறி வருகிறது. குறை சொல்லவில்லை, மரத்தை வெட்டாமல் இருப்பது நல்லதுதான், ஜனவரியில் மடித்துப் பரணில் போடலாம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

ஆனால் அமெரிக்காக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஒல்லிக் குச்சி, நாலு இலை, வளைந்த நுனியில் ஒரு சிவப்பு உருண்டை, அடியில் லைனஸின் நீலக் கம்பளித் துண்டு, எல்லாம் சேர்த்து பிளாஸ்டிக்கில் செய்து, சார்லி பிரவுன் மரம் என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். டெக்சாஸில் இருக்கிற என் அத்தை மகன் அதை வாங்கி வைத்துப் பெருமையாகக் குடும்ப குரூப்பில் போட்டோ போட்டான். "டேய், இதுமாதிரி ஒடிஞ்ச கிளை பூம்பாறை ரோட்ல சும்மாவே கிடக்கும்டா" என்று பதில் எழுதினேன். "அனுப்பு மதினி, உருண்டை என்கிட்ட இருக்கு" என்றான். கஸ்டம்ஸில் செடிகொடி விடமாட்டார்கள் என்று அண்ணன் இடையில் புகுந்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டான், குரூப் இன்னும் ஓயவில்லை.